ஒரு லட்சம் பேருக்கு வைஃபை: மைதானத்தில் சிக்னலை ஏன் சுருக்குகிறார்கள்?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஆன் ஆர்பர் என்றொரு ஊர் இருக்கிறது. 2020 கணக்கெடுப்பின்படி ஊர் மொத்தத்துக்கும் சுமார் 1,24,000 பேர்தான். ஆனால் அங்குள்ள மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மைதானத்தில் மட்டும் 1,07,601 பேர் உட்காரலாம். 2013 செப்டம்பர் 7 அன்று நோட்டர் டேம் அணியுடன் நடந்த ஆட்டத்துக்கு 1,15,109 பேர் வந்தார்கள். ஆட்டம் அமெரிக்கக் கால்பந்து. நமக்குத் தெரிந்த கால்பந்துக்கும் அதற்கும் பெயர் மட்டும்தான் ஒற்றுமை. ஒரு சீசனில் சொந்த ஊரில் ஆறிலிருந்து எட்டு ஆட்டம், பெரும்பாலும் சனிக்கிழமைகளில். மற்ற நாட்களில் மைதானம் கிட்டத்தட்டக் காலியாகத்தான் கிடக்கும்.

இப்படி ஓர் இடத்தில் வந்தவர்கள் எல்லோருக்கும் வைஃபை கொடுக்க வேண்டும் என்றால் எங்கிருந்து தொடங்குவது? வீட்டில் மாடிக்குச் சிக்னல் வரவில்லை என்றால் இன்னும் சக்தி வாய்ந்த ரவுட்டர் வாங்குவோம். மைதானத்தில் அந்த யோசனை தலைகீழாகிவிடும். சுவரே இல்லாத திறந்தவெளியில் சிக்னல் எட்டாத இடம் என்பதே அபூர்வம். எட்டக்கூடாத இடத்துக்கெல்லாம் எட்டுவதுதான் தொல்லை. வடிவமைப்பவர்களின் உழைப்பில் பெரும்பங்கு சிக்னலை அடக்கி வைப்பதில் போகிறது. ஏன் என்று ஒருமுறை புரிந்துவிட்டால் இந்தத் துறையின் மற்ற முடிவுகளெல்லாம் எளிதாகப் பிடிபடும்.

ஒரே மைக்

வைஃபையின் அடிப்படை விதி: பேசுவதற்கு முன் கேள். ஒரு சேனலில் (அலைவரிசையைப் பிரித்த கூறுகளில் ஒன்று) யாராவது அனுப்பிக்கொண்டிருந்தால், அது காதில் விழும் தூரத்திலுள்ள மற்ற கருவிகளெல்லாம் காத்திருக்க வேண்டும். பட்டிமன்ற மேடையில் ஒரே மைக் இருப்பது போலத்தான். எத்தனை பேச்சாளர்கள் இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். இழுத்து இழுத்துப் பேசுகிறவர் கையில் மைக் போனால் மற்றவர்கள் நேரமும் சேர்ந்தே போகும். பலவீனமான சிக்னலில் தொங்கிக்கொண்டிருக்கும் போன் அப்படித்தான் செய்கிறது. ஒரே படத்தை அனுப்ப அதற்குப் பல மடங்கு நேரம் பிடிக்கும், அதுவரை அக்கம்பக்கத்துப் போன்கள் சும்மா இருக்கும்.

ஆகவே மைதானத்தில் பங்கிட வேண்டிய சரக்கு நேரம்தான். நெட்வொர்க் ஆட்கள் ஏர்டைம் என்பார்கள். ஒரு சேனலில் ஒரு நொடிக்கு ஒரு நொடி அளவு ஏர்டைம்தான் உண்டு, எவ்வளவு பணம் போட்டாலும் அது அதிகமாகாது. கூட்ட வழி இரண்டுதான்: நிறைய சேனல்களைப் பயன்படுத்துவது; ஒரே சேனலை மைதானத்தின் வெவ்வேறு மூலைகளில், ஒன்றின் குரல் மற்றதற்குக் கேட்காதபடி, மறுபடி மறுபடி பயன்படுத்துவது.

முதல் வழி சீக்கிரமே தீர்ந்துபோகும். பழைய 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றே மூன்று: 1, 6, 11. ப்ளூடூத், கம்பியில்லாக் கேமரா எல்லாம் அதே இடத்தில்தான் குடியிருக்கின்றன. அதனால் இருக்கைப் பகுதியில் பெரும்பாலும் இதை அணைத்தே விடுகிறார்கள். இன்றைய போன்கள் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் 5 கிகாஹெர்ட்ஸ் இருப்பதால் இதற்காக வருந்தத் தேவையில்லை.

5 கிகாஹெர்ட்ஸில் அமெரிக்க விதிகளின்படி 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 25 சேனல்கள் கிடைக்கும். வீட்டு ரவுட்டர்கள் வேகம் காட்டுவதற்காக நான்கு சேனல்களை ஒட்டி 80 மெகாஹெர்ட்ஸாக எடுத்துக்கொள்ளும். மைதானத்தில் அப்படிச் செய்தால் 25 என்பது ஆறாகச் சுருங்கிவிடும். எனவே 20தான். வேகமான ஒரு போனைவிட, ஓரளவு ஓடும் ஆயிரம் போன்கள்தான் இங்கே தேவை. அந்த 25லும் 16 சேனல்களில் ராடாருக்கு முன்னுரிமை. ராடார் அலை தென்பட்டால் ஆக்சஸ் பாயிண்ட் (வைஃபை அலையை வீசும் பெட்டி) உடனே அந்தச் சேனலைக் காலி செய்ய வேண்டும். விமான நிலையங்களுக்கு அருகே ஆபத்தான காற்றைக் கண்காணிக்கும் வானிலை ராடார்கள் இந்த அலைவரிசையில்தான் இயங்குகின்றன. டெட்ராய்ட் விமான நிலையம் ஆன் ஆர்பரிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. ஆக, எந்தெந்தச் சேனலை நம்பலாம் என்பதை மைதானத்திலேயே சில நாட்கள் கேட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பயன்படும் தூரம், கெடுக்கும் தூரம்

இரண்டாவது வழியில்தான் உண்மையான சண்டை நடக்கிறது.

சிக்னலின் பலத்தை டெசிபல் கணக்கில், மைனஸ் எண்ணாகச் சொல்வார்கள்; பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்கப் பலம் அதிகம். ஒரு போன் நல்ல வேகத்தில் பேச வேண்டுமானால் மைனஸ் 67 அளவுக்காவது சிக்னல் வேண்டும் என்பது பரவலான அளவுகோல். ஆனால் அதே சேனலில் வேறு யாரோ பேசுகிறார்கள் என்று உணர்ந்து வாயை மூடிக்கொள்வதற்கு மைனஸ் 85 போதும். நடுவில் 18 டெசிபல் இடைவெளி. திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் சிக்னல் 6 டெசிபல் குறையும். அப்படியானால் 18 டெசிபல் என்பது மூன்று இரட்டிப்பு, அதாவது எட்டு மடங்குத் தூரம். ஓர் ஆக்சஸ் பாயிண்ட் 10 மீட்டர் தூரம் வரை உருப்படியாகச் சேவை செய்கிறது என்றால், 80 மீட்டர் வரைக்கும் மற்றவர்களின் வாயை அடைக்கிறது. பயன்படும் பரப்பைவிடக் கெடுக்கும் பரப்பு 64 மடங்கு!

அலுவலகக் கட்டடத்தில் சுவர்கள் இந்தக் கெடுதலைத் தடுத்துவிடும். மைதானத்தின் வடிவமோ இதற்கென்றே செய்ததுபோல மோசம். நடுவில் ஆடுகளம், சுற்றிலும் படிப்படியாக உயரும் இருக்கைகள். எந்த இருக்கையிலிருந்து பார்த்தாலும் எதிர்ப்பக்கத்து இருக்கைகள் எல்லாம் தெரிய வேண்டும் என்பதற்காகவே கட்டிய அமைப்பு. கண்ணுக்குத் தெரிவது ரேடியோ அலைக்கும் தெரியும். ஆட்டம் பார்க்க எவ்வளவு நல்ல மைதானமோ அவ்வளவுக்கு வைஃபைக்குக் கெட்ட மைதானம் என்று சொன்னால் பெரிய மிகை இல்லை.

எத்தனை பெட்டி?

ஒரு தோராயக் கணக்குப் போடுவோம். வந்தவர்களில் பாதிப் பேர் வைஃபையில் இணைகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 1,07,601 இருக்கைக்கு சுமார் 54,000 போன்கள். ஓர் ஆக்சஸ் பாயிண்ட்டுக்கு 60 இருக்கை என்று பிரித்தால் சுமார் 1,800 பெட்டிகள் வேண்டும். ஒவ்வொன்றிலும் சராசரியாக 30 போன்கள். எல்லாம் ஒரே நொடியில் இயங்கப் போவதில்லை. பத்துப் போன்கள் மும்முரமாக இருக்கின்றன, நெரிசலில் ஒரு 20 மெகாஹெர்ட்ஸ் சேனல் நொடிக்கு 50 மெகாபிட் கொடுக்கிறது என்று எடுத்துக்கொண்டால் தலைக்கு 5 மெகாபிட். ஒரு வீடியோவை ஏற்ற, பணம் கட்ட, மற்ற ஊர் ஆட்டங்களின் ஸ்கோர் பார்க்க அது தாராளம்.

இப்போது 1,800ஐ 25 சேனல்களுக்குப் பகிர்ந்தால், ஒவ்வொரு சேனலும் ஒரே மைதானத்துக்குள் 72 இடங்களில் திரும்பத் திரும்ப வரும். (2.4 கிகாஹெர்ட்ஸில் இதையே செய்தால் 600 இடங்கள். அணைத்தது சரிதான் என்று தெரிகிறது.) அந்த 72 பெட்டிகளும் ஒன்றின் பேச்சு மற்றதற்குக் கேட்காமல் வாழ வேண்டும். கேட்டுவிட்டால் 1,800 பெட்டி வாங்கியும் பலன் இல்லை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பெட்டிகள் ஒரே சேனலில் இருந்தால் அவை இரண்டும் சேர்ந்து ஒரு பெட்டியின் வேலையைத்தான் செய்யும், கூடவே மோதலும் மறு அனுப்பலும் மிச்சம். பெட்டியின் எண்ணிக்கையைக் காட்டிப் பெருமை பேசும் விளம்பரங்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளாததற்கு இதுதான் காரணம். ஒவ்வொன்றும் எவ்வளவு தனிமையில் இயங்குகிறது என்று கேட்க வேண்டும்.

எங்கே வைப்பது?

முதலில் தோன்றும் இடம் மேலே. கூரை விளிம்பிலோ விளக்குக் கம்பத்திலோ மாட்டி, குறுகிய கோணத்தில் மட்டும் அலையை வீசும் ஆன்டெனாவால் கீழே ஒரு குறிப்பிட்ட இருக்கைத் தொகுதியைக் குறிவைக்கலாம். கேபிள் வேலை குறைவு, பராமரிப்பு எளிது. ஒரு பெட்டிக்கு 150, 200 இருக்கை என்று பரந்த பங்கு. ஆனால் மிச்சிகன் மைதானத்துக்குக் கூரையே கிடையாது. கிழக்கிலும் மேற்கிலும் 2010இல் எழுப்பிய உயரமான கட்டடங்கள்தான் மாட்டுவதற்குக் கிடைக்கும் உச்சி. அங்கிருந்து கீழ் வரிசைகள் வெகு தூரம். தூரம் கூடக்கூட ஒளிவட்டம் பெரிதாவது போல அலையும் விரியும். 200 இருக்கைக்குப் போட்ட குறி 500 இருக்கைமேல் விழும்.

அடுத்தது இருக்கைக்கு அடியில். கேட்பதற்கு விசித்திரமாக இருக்கும், ஏனென்றால் மனித உடல்தான் வைஃபைக்கு மோசமான தடை. உடலில் பாதிக்கு மேல் தண்ணீர். தண்ணீர் இந்த அலைகளை விழுங்கும். கால்களுக்கு நடுவே பெட்டியை வைத்து எப்படிச் சிக்னல் கொடுப்பது? பெட்டியைச் சுற்றி நாலைந்து வரிசைக்குள் இருப்பவர்களுக்குப் போதுமான அலை கிடைத்துவிடும், அதைத் தாண்டிப் போக முயல்வதை நெருக்கமாக உட்கார்ந்திருக்கும் உடல்கள் உறிஞ்சிவிடும். இல்லாத சுவரை ரசிகர்களே கட்டித் தருகிறார்கள். சில வரிசைகள் தள்ளி அதே சேனலை மறுபடி வைக்கலாம். 2014இல் கலிபோர்னியாவின் சான்டா கிளாராவில் திறந்த லீவைஸ் மைதானம் இந்த முறையைப் பெரிய அளவில் கையாண்டு கவனம் ஈர்த்தது. 2016 பிப்ரவரியில் அங்கே நடந்த சூப்பர் பவுல் இறுதியாட்டத்தில் வைஃபை வழியே 10 டெராபைட்டுக்கு மேல் தரவு ஓடியது. அதற்குப் பிறகு இருக்கைக்கு அடியில் வைப்பது சாதாரண விஷயமாகிவிட்டது.

சாதாரணம் என்றாலும் மலிவு இல்லை. ஒவ்வொரு பெட்டிக்கும் கான்கிரீட்டில் துளை போட்டு, கீழிருந்து கேபிள் இழுத்து, தண்ணீர் புகாமல் அடைக்க வேண்டும். மேலே கோலா கொட்டும், ஆட்டம் முடிந்ததும் அழுத்தக் குழாயால் தண்ணீர் அடித்துக் கழுவுவார்கள், குளிர்காலத்தில் பனி மூடும். எல்லாவற்றையும் பெட்டி தாங்க வேண்டும். மிச்சிகனில் இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த மைதானத்தின் பெரும்பகுதி தரைமட்டத்துக்குக் கீழே, குழி தோண்டிக் கட்டியது. கீழ் வரிசைகளின் கான்கிரீட்டுக்கு அடியில் நடைபாதையோ அறையோ இல்லை, மண்தான். துளை போட்டால் கேபிளை எங்கிருந்து இழுப்பது? இருக்கைகளும் தனித்தனி நாற்காலிகள் இல்லாமல் பெரும்பாலும் நீண்ட பெஞ்சுகள்.

இப்படிப்பட்ட இடங்களுக்கு மூன்றாவது வழி இருக்கிறது: படிக்கட்டு ஓரக் கைப்பிடிக் கம்பி. கம்பியோடு கம்பியாகத் தெரியும் ஒரு கூடு செய்து அதற்குள் ஆக்சஸ் பாயிண்ட்டையும் ஆன்டெனாவையும் வைத்துவிடுவார்கள். கேபிள் படிக்கட்டு ஓரமாகவே வரும். இண்டியானாவிலுள்ள நோட்டர் டேம் பல்கலைக்கழகம் 1930இல் திறந்த தன் பழைய மைதானத்தை 2017இல் விரிவாக்கி முடித்தபோது இந்தக் கைப்பிடிக் கூடுகளைத்தான் பெருமளவில் போட்டது. கூட்டம் எழுந்து நின்றாலும் படிக்கட்டை ஒட்டிய பெட்டிக்கு மூச்சு விட இடம் இருக்கும். அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களில் மாணவர் பகுதி முழு ஆட்டத்தையும் நின்றுகொண்டே பார்க்கும் வழக்கம் உள்ளது என்பதால் இது சின்ன விஷயம் அல்ல. நீளமான வரிசைகளின் நடுப்பகுதிதான் இதன் பலவீனம். இரண்டு படிக்கட்டுகளுக்கும் தொலைவாக உட்கார்ந்திருப்பவருக்கு முப்பது உடல்களைத் தாண்டி அலை வர வேண்டும்.

என் தேர்வு எது என்றால், பழைய, திறந்த, பெஞ்சு போட்ட பல்கலைக்கழக மைதானத்துக்குக் கைப்பிடிதான். முடியாத மூலைகளில் மட்டும் மேலிருந்தோ அடியிலிருந்தோ உதவி எடுத்துக்கொள்ளலாம். புதிதாகக் கட்டும் மைதானம் என்றால் கட்டும்போதே இருக்கைக்கு அடியில் குழாய் பதித்துவிடுவது நல்லது.

காலி மைதானம் பொய் சொல்லும்

சோதனை செய்பவர்கள் செவ்வாய்க்கிழமை காலையில் கருவியோடு காலி மைதானத்தில் நடந்து அளந்தால், சிக்னல் எங்கும் அபாரமாக இருக்கும். கூடவே ஒரே சேனல் பெட்டிகள் ஒன்றையொன்று கத்திக் குறுக்கிடுவதும் தெரியும். அதைப் பார்த்துவிட்டுச் சக்தியைக் குறைத்தால் சனிக்கிழமை கூட்டம் வந்ததும் உடல்கள் அலையை விழுங்கி, போன்களுக்குச் சிக்னல் போதாமல் போகும். பெட்டிகள் தாமாகவே சேனலையும் சக்தியையும் மாற்றிக்கொள்ளும் தானியங்கி வசதியும் இதே காரணத்தால் இங்கே ஏமாறும்: காலியாக இருக்கும் ஆறு நாட்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டு ஏழாம் நாள் தவறாக நடக்கும். ஆகவே இருக்கைப் பகுதியில் சேனலைக் கையால் நிர்ணயிக்கிறவர்கள் அதிகம். ஓர் உடல் எவ்வளவு குறைக்கும் என்பதை மென்பொருளில் முன்கூட்டியே சேர்த்துக் கணக்கிட்டு, நிஜக் கூட்டத்தின் நடுவே அளந்து திருத்துவது ஒன்றே வழி.

சின்ன அமைப்புகள், பெரிய விளைவு

ஒவ்வொரு வைஃபை பெயரும் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று நொடிக்குச் சுமார் பத்து முறை அறிவிக்கும். இதற்கு பீக்கன் என்று பெயர். 300 பைட் நீளமுள்ள ஓர் அறிவிப்பை 2.4 கிகாஹெர்ட்ஸின் பழைய 1 மெகாபிட் வேகத்தில் அனுப்பினால் 2.4 மில்லிநொடி. பத்து அறிவிப்புக்கு 24 மில்லிநொடி, அதாவது ஏர்டைமில் இரண்டரை சதவீதம் போனது. மாணவர்களுக்கு ஒன்று, விருந்தினருக்கு ஒன்று, ஊழியருக்கு ஒன்று, டிக்கெட்டுக்கு ஒன்று என நான்கு பெயர் வைத்து, ஒரே சேனலில் எட்டுப் பெட்டிகள் ஒன்றுக்கொன்று கேட்கும் நிலையும் வந்தால் முக்கால் பங்குக்கு மேல் அறிவிப்பிலேயே கரைந்துவிடும். யாரும் ஒரு பைட்கூட இன்னும் அனுப்பவில்லை.

மருந்து எளிது. பெயர்களைக் குறை, அறிவிப்பு செல்லும் குறைந்தபட்ச வேகத்தை 12 அல்லது 24 மெகாபிட்டுக்கு உயர்த்து. 24இல் அதே அறிவிப்புக்குச் சுமார் பத்தில் ஒரு மில்லிநொடிதான். தூரத்துப் போன்கள் பலவீனமாக ஒட்டிக்கொண்டிருப்பதையும் இது ஓரளவு உதறிவிடும். ஆனால் பெட்டியின் குரல் கேட்கும் தூரம் இதனால் குறைந்துவிடாது. அதற்கு ஆன்டெனாவும் இடமும் உடல்களும்தான்.

வைஃபையின் புதிய தலைமுறையான வைஃபை 6 வந்த பிறகு ஒரு சேனலைச் சிறு கூறுகளாக்கிச் சில போன்களுக்கு ஒரே நேரத்தில் கொடுக்க முடிகிறது. நல்ல முன்னேற்றம். இருந்தாலும் அடுத்த பெட்டியின் குறுக்கீட்டை அது தீர்க்காது.

பெரிய நிவாரணம் 6 கிகாஹெர்ட்ஸிலிருந்து வருகிறது. அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் 2020 ஏப்ரலில் 1,200 மெகாஹெர்ட்ஸ் இடத்தைத் திறந்துவிட்டது. 20 மெகாஹெர்ட்ஸ் கணக்கில் 59 சேனல்கள். ஆனால் எளிதாகக் கிடைக்கும் குறைந்த சக்தி அனுமதி கட்டடங்களுக்குள் மட்டும்தான். திறந்த மைதானத்தில் வழக்கமான சக்தியில் வைக்க வேண்டுமானால், பெட்டி தான் இருக்கும் இடத்தை ஒரு மையக் கணினிக்குச் சொல்லி, அங்கே ஏற்கெனவே உரிமம் பெற்ற மைக்ரோவேவ் இணைப்புகளுக்குக் கெடுதல் வராத சேனல்கள் எவை என்று கேட்டு அனுமதி வாங்க வேண்டும். இந்த ஒருங்கிணைப்புச் சேவைகளுக்கு வணிக அனுமதி 2024 பிப்ரவரியில்தான் கிடைத்தது. அதிலும் 850 மெகாஹெர்ட்ஸ் வரைதான். 6 கிகாஹெர்ட்ஸ் தெரியாத பழைய போன்கள் இன்னும் நிறைய இருப்பதால் 5ஐ அடித்தளமாக வைத்தே திட்டம் போட வேண்டும்.

திரைக்குப் பின்னால்

1,800 பெட்டி என்றால் 1,800 கேபிள். செம்புக் கேபிளில் ஈதர்நெட் 100 மீட்டர்தான் ஓடும் என்பதால் மைதானத்தைச் சுற்றி ஸ்விட்ச் (பல கேபிள்களை ஒன்றிணைக்கும் நெட்வொர்க் கருவி) அறைகள் வேண்டும். 48 துளையுள்ள ஸ்விட்ச் குறைந்தது 38. மின்சாரமும் அதே கேபிளில்தான் போகிறது. பெட்டிக்கு 25 வாட் என்றால் மொத்தம் 45 கிலோவாட், அதை அனுப்பும் ஸ்விட்ச் அறைகளுக்குக் குளிர்சாதனம். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் கைல் ஃபீல்டு மைதானம் 2015இல் புதுப்பித்து முடித்தபோது ஐபிஎம் நிறுவனம் அங்கே செம்பைக் குறைத்து, கண்ணாடி இழையை வெகுதூரம் கொண்டுபோகும் ஒளியிழை வலையமைப்பைப் போட்டது. 1,02,733 இருக்கை கொண்ட மைதானத்தில் ஸ்விட்ச் அறைகளைக் குறைத்தாலே நிறைய இடம் மிச்சம்.

இணையப் பக்கம் பார்த்தால், 54,000 போன்களுக்குச் சராசரி 200 கிலோபிட் என்றாலும் கிட்டத்தட்ட 11 கிகாபிட். வீட்டில் இறக்குவது அதிகம், ஏற்றுவது குறைவு. மைதானத்தில் ஏற்றுவதும் எக்கச்சக்கம். ஆட்டக்காரர் பந்தோடு எல்லைக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்த அடுத்த நிமிடத்தில் ஆயிரக்கணக்கான வீடியோக்கள் ஒன்றாகக் கிளம்பும். இந்தச் சுமை பல்கலைக்கழகத்தின் பொது இணைப்பில் விழுந்தால் அன்றைக்கு ஆய்வகத்தில் உட்கார்ந்திருக்கும் மாணவர் பாடுபடுவார், அதனால் தனி வழி கொடுப்பது மரியாதை.

எளிதில் மறந்துபோகும் ஒன்று ஐபி முகவரி, அதாவது வலையில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண். உள்ளுக்குள் தனியார் முகவரிகள் ஒன்றரைக் கோடிக்கு மேல் உண்டு. வெளியே போகும் பொது முகவரிதான் பற்றாக்குறை. ஒரு பொது முகவரிக்கு 65,000 இணைப்பு வாசல்கள்தான். ஒரு போன் பின்னணிச் செயலிகளோடு சேர்த்து நூறு இணைப்பு திறந்து வைத்தால், ஒரு முகவரி 650 போன்களுக்குத்தான் வரும். 54,000 போன்களுக்கு 80க்கு மேல் வேண்டும். இதைக் கணக்கிடாமல் விட்டால் சிக்னல் முழுதாகக் காட்டும், எதுவும் திறக்காது. ரசிகர் வைஃபையைத் திட்டுவார், குற்றவாளி வேறெங்கோ இருப்பார்.

உள்ளே நுழைவது

மின்னஞ்சல் கேட்டு, கட்டத்தில் டிக் போடச் சொல்லும் நுழைவுப் பக்கத்தை மைதானத்தில் வைப்பது எனக்குப் பிடிக்காது. போனைப் பாக்கெட்டில் வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கத்தைப் பார்க்கவே மாட்டார்கள். ஆனால் போன் வைஃபையில் ஒட்டிக்கொண்டு, முகவரியையும் ஏர்டைமையும் பிடித்துவைத்து, இணையம் இல்லாமல் நிற்கும்.

பல்கலைக்கழகத்துக்கு இங்கே ஓர் இயல்பான அனுகூலம் உண்டு: எடுரோம். கல்வி நிறுவனங்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் உலகளாவிய வைஃபை ஏற்பாடு இது. ஐரோப்பாவில் 2000களின் தொடக்கத்தில் பிறந்து இன்று நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது. வகுப்பறையில் ஒருமுறை அமைத்த போன் மைதானத்திலும் தானாக இணையும். எதிரணிப் பல்கலைக்கழகத்தின் மாணவர் போனும் அப்படியே இணையும், தன் சொந்தக் கல்லூரியின் கடவுச்சொல்லை வைத்தே. மற்ற ரசிகர்களுக்கு, செல்போன் நிறுவனத்தின் சிம்மை வைத்தே தானாக உள்ளே விடும் பாஸ்பாயிண்ட் முறை இருக்கிறது. தங்கள் கோபுரத்துச் சுமை குறைவதால் செல்போன் நிறுவனங்களே செலவில் பங்கு போட முன்வருவதும் உண்டு.

வாசலில் டிக்கெட் ஸ்கேன் செய்யும் கருவிகளையும் கடைகளில் பணம் வாங்கும் கருவிகளையும் ரசிகர்களின் வலையிலிருந்து பிரித்து, இயன்றால் கேபிளிலேயே ஓட்ட வேண்டும். டிக்கெட் போனிலேயே இருக்கும் காலம் இது. ஆட்டத்துக்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் வாசலுக்கு வெளியே கூட்டம் சேரும். வெளிவாசலைத் திட்டத்தில் விட்டுவிட்டால் டிக்கெட் திறக்காமல் வரிசை நகராது.

சொந்த ஹாட்ஸ்பாட் போட்டுக்கொள்ளும் ரசிகர்கள் இன்னொரு தலைவலி. கருவிகளைக் கொண்டு அவர்களைத் துண்டித்துவிடலாமே என்று தோன்றும். தோன்றக்கூடாது. நாஷ்வில்லில் ஒரு ஹோட்டலில் விருந்தினர்களின் ஹாட்ஸ்பாட்டுகளைத் தடுத்ததற்காக மேரியட் நிறுவனம் 2014இல் 6 லட்சம் டாலர் அபராதம் கட்டியது. நல்ல இலவச வைஃபை கொடுத்தால் ஹாட்ஸ்பாட் தானாகக் குறையும், அதுதான் சட்டபூர்வமான வழி.

நாட்காட்டி

ஆட்டங்கள் நவம்பர் கடைசியில் முடியும். அடுத்த சீசன் ஆகஸ்ட் இறுதியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ. நடுவில் ஒன்பது மாதம் இருப்பதுபோல் தெரியும். ஆனால் மிச்சிகன் குளிர்காலத்தில் கான்கிரீட் வேலை சுலபம் இல்லை. வசந்தத்தில் பட்டமளிப்பு விழாவும் இதே மைதானத்தில்தான். 2010 மே 1 அன்று அதிபர் ஒபாமா இங்கேதான் பட்டமளிப்பு உரை ஆற்றினார். அன்றைக்கு மாணவர்கள் உட்காருவது ஆடுகளத்தின் மேல். அங்கே கைப்பிடியும் இல்லை, நிரந்தர இருக்கையும் இல்லை. ஓரத்திலிருந்து ஆடுகளத்தை நோக்கிய சில ஆன்டெனாக்களையோ தற்காலிகப் பெட்டிகளையோ முதலிலேயே திட்டத்தில் சேர்த்திருக்க வேண்டும்.

முதல் ஆட்டத்தன்று எல்லாம் சரியாக அமையும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. அன்று கவனிக்க வேண்டியவை ஒவ்வொரு சேனலிலும் எவ்வளவு ஏர்டைம் செலவாகிறது, எத்தனை தரவுத் துண்டுகளை மறுபடி அனுப்ப வேண்டியிருந்தது, எந்தப் பகுதியில் போன்கள் ஒட்டாமல் தவிக்கின்றன என்பவை. வேகச் சோதனைச் செயலியை மட்டும் நம்பக்கூடாது. அதை ஓட்டுகிற சில நொடிகளுக்கு அதுவே பக்கத்திலிருப்பவர்களின் ஏர்டைமைத் தின்றுவிடும். அப்புறம் அடுத்த சனிக்கிழமைக்குள் மாணவர் பகுதியில் நாலு பெட்டிகளின் சேனலை மாற்றி, வடக்கு மூலையில் இரண்டின் சக்தியை மூன்று டெசிபல் குறைத்து, திரும்பவும் கூட்டத்தின் நடுவே போய் அளக்க வேண்டும். வருஷத்துக்கு ஆறேழு வாய்ப்புதான் என்பதால் ஒவ்வோர் ஆட்டத்தின் பதிவுகளையும் பத்திரமாக எடுத்து வைப்பது அவசியம். மூன்றாவது ஆட்டத்தில் மழை பெய்து பாதிக் கூட்டம்தான் வந்தது என்றால் அந்த அளவுகளை மற்றவற்றோடு சேர்த்துச் சராசரி எடுக்கக் கூடாது.